கேமராவின் ஒளிக்கணக்கு

டிஜிட்டல் கேமரா ஒளியை எண்ணும் கருவி. ஷட்டர் திறந்திருக்கும் சிறுபொழுதில் லென்ஸ் வழியே வரும் ஃபோட்டான்கள் சிலிக்கான் தகட்டின் மேல் விழுந்து எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. ஷட்டர் மூடியதும், கட்டங்கட்டமாக அமைந்த ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை எலக்ட்ரான்கள் சேர்ந்தன என்று கேமரா அளந்து எண்ணாக எழுதிவைக்கிறது. அந்த எண்களுக்குப் பிறகு கொடுக்கப்படும் உருவம்தான் படம். பொழுதுபோக்காகப் படமெடுக்கும் ஒருவர் எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எந்தக் கோப்பு வடிவம் என்று தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை சொல்கிறார்: எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது, வந்த ஒளி எவ்வளவு நன்றாக எண்ணப்படுகிறது, எண்ணியதில் எவ்வளவு கோப்பில் தங்குகிறது. முதல் இரண்டுக்கும் பணம் வேண்டும். மூன்றாவதற்கு மெனுவில் ஒரு தேர்வு போதும். ஆனாலும் கடைசியாகக் கவனிக்கப்படுவது அதுதான்.

இந்த எண்ணும் வித்தையின் வரலாறு நீண்டதல்ல. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்னும் மின்னூட்டம் கடத்தும் சில்லை உருவாக்கினார்கள். 40 ஆண்டுகள் கழித்து, 2009இல், அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். 1975இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லை வைத்துக் கட்டிய கேமராவில் 100க்கு 100, அதாவது 10,000 பிக்சல்களே இருந்தன. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடா கேசட்டில் பதிய 23 நொடிகள் பிடித்தன. இன்றைய கேமராக்களில் சிசிடிக்குப் பதில் சிமாஸ் வகைச் சென்சார்கள் இருக்கின்றன. பிக்சல்கள் கோடிக்கணக்கில் பெருகிவிட்டன. அடிப்படை வேலை மாறவில்லை.

சென்சாருக்கு நிறம் தெரியாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது ஒளியின் அளவை மட்டுமே அறியும். நிறத்தைப் பிடிக்க ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஒரு வடிகட்டி வைக்கப்படுகிறது. இந்த அமைப்பை வகுத்தவர் கோடக்கின் பிரைஸ் பேயர். 1976இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிக்சல்களில் பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். மனிதக் கண் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பச்சையை ஒட்டிய பகுதியில்தான் நுட்பமாக உணர்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. ஆகவே 24 மெகாபிக்சல் கேமராவில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே அளந்திருக்கும். மற்ற இரண்டும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணிக்கப்படுகின்றன. வாசலில் புள்ளி வைத்தபின் கோட்டை இழுத்துக் கோலத்தை முடிப்பது போன்றது இது. புள்ளிகள் அளந்தவை, கோடு ஊகம். அந்த ஊகத்தை யார், எப்போது செய்வது என்பதில்தான் கோப்பு வடிவங்களுக்கிடையிலான வேறுபாடு தொடங்குகிறது.

கோப்புக்குப் போகுமுன் சென்சாரின் அளவைப் பார்த்துவிடலாம். முழுச் சட்டகம் எனப்படும் சென்சார் 36க்கு 24 மி.மீ. அந்த அளவு, பழைய 35 மி.மீ. படச்சுருளின் ஒரு சட்டகத்திலிருந்து வந்தது. லைக்கா கேமரா 1925இல் சந்தைக்கு வந்து அதைப் பரவலாக்கியது. ஏபிஎஸ்-சி வகை ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ.; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13 மி.மீ.; கையடக்கக் கேமராக்களில் வரும் ஓர் அங்குல வகை, பெயருக்கு மாறாக, 13.2க்கு 8.8 மி.மீ.தான். பரப்பில் சொன்னால் 864, 367, 225, 116 சதுர மி.மீ. செல்பேசிச் சென்சார்கள் பெரும்பாலும் இதையும்விடச் சிறியவை.

பரப்பு ஏன் முக்கியம்? ஒளி மழைபோலத் துளித்துளியாக, ஒழுங்கில்லாமல் விழுகிறது. முற்றத்தில் ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களை வைத்தால் ஒரு நிமிடத்தில் இரண்டிலும் சமமான துளிகள் விழாது. சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவுக்கு இருக்கும்; அது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான்களே விழும் இருட்டில் ஏற்ற இறக்கம் 10. அது 10 சதவீதம், மணல் தூவியதுபோலத் தெரியும். படக்காரர்கள் நாய்ஸ் என்றும் கிரெய்ன்ஸ் என்றும் குறைப்படுவதில் பெரும்பங்கு இதுதான். அது கேமராவின் பழுது அல்ல, ஒளியின் இயல்பு. அதைக் குறைக்க இருக்கும் நேர்வழி இன்னும் அதிக ஒளியைச் சேர்ப்பதே. பெரிய சென்சார் பெரிய பாத்திரம்.

ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் கேமராவின் உணர்திறன் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சென்சார் பிடிக்கும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை அதனால் கூடுவதில்லை. பிடித்ததற்கு உரத்த குரல் கொடுக்கப்படுகிறது, அவ்வளவே. உயர்ந்த ஐஎஸ்ஓவில் படம் மணல் தட்டுவதற்குக் காரணம் ஒளி குறைவாக இருந்ததுதான்.

மெகாபிக்சலுக்குக் கொடுக்கப்படும் முக்கியத்துவம் அதன் தகுதிக்கு மிஞ்சியது. 24 மெகாபிக்சல் என்பது 6,000க்கு 4,000 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்னும் நல்ல அச்சுத் தரத்திலேயே அது 20க்கு 13 அங்குலப் படமாகும். சுவரில் மாட்டி ஓரடி தூரத்தில் நின்று பார்க்கலாம். 4கே திரைக்கு வேண்டியது 8.3 மெகாபிக்சல்தான். இன்னொரு கணக்கையும் விளம்பரங்கள் சொல்வதில்லை: பக்கவாட்டு நுணுக்கம் இரட்டிப்பாக வேண்டுமானால் பிக்சல்கள் நான்கு மடங்காக வேண்டும். 24இலிருந்து 48க்குப் போனால் நுணுக்கம் 1.4 மடங்கே கூடும். கோப்போ இரு மடங்கு பெருக்கும்.

லென்ஸில்தான் பணம் தன் மதிப்பைக் காட்டுகிறது. லென்ஸின் குவியத்தூரத்தை அதன் துளையின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் துளை ஏறத்தாழ 28 மி.மீ.; அதே 50 மி.மீ.யில் எஃப் 5.6க்கு மூடினால் 9 மி.மீ. சென்சாரில் விழும் ஒளி எஃப் எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. கேமராவோடு சேர்த்து விற்கப்படும் கிட் ஜூம் லென்ஸ் நீட்டிய நிலையில் பெரும்பாலும் எஃப் 5.6இல்தான் திறக்கும். அதைக் கழற்றிவிட்டு எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால் ஒளி ஏறத்தாழ 10 மடங்கு. அதே எஃப் எண்ணில் ஏபிஎஸ்-சி கேமராவை விட்டு முழுச் சட்டகத்துக்கு மாறினால் கிடைப்பது 2.4 மடங்குதான். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கேமரா நிறுவனங்கள் விற்பவற்றில் மிக மலிவான வரிசையைச் சேர்ந்தது. முழுச் சட்டகக் கேமராவின் விலை அதைப்போலப் பல மடங்கு. மாலை வீட்டுக்குள் விளையாடும் குழந்தையையும் கோயில் மண்டபத்து நிழலில் நிற்கும் தூண் சிற்பத்தையும் எடுக்க விரும்பும் ஒருவர், புதிய உடல் வாங்குமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

அகலத் திறந்தால் ஒளி கூடும், ஆனால் குவியத்தின் ஆழம் குறையும்; கண் தெளிவாக இருக்கும்போதே காது மங்கிவிடும். எதிர்ப்பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. துளை சிறுக்கச் சிறுக்க ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் ஒரு புள்ளி வட்டமாக விரிகிறது. பச்சை ஒளிக்கு எஃப் 8இல் அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 11 மைக்ரோமீட்டர், எஃப் 16இல் 21. ஏபிஎஸ்-சி 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எஃப் 22க்கு மூடினால் எல்லாம் கூர்மையாகிவிடும் என்று எண்ணுபவருக்குக் கிடைப்பது, முன்னிருந்து பின்வரை சமமாக மங்கிய படம்.

சிறிய சென்சார் எப்போதும் நட்டமல்ல. ஏபிஎஸ்-சி சென்சார் லென்ஸ் தரும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுப்பதால், 300 மி.மீ. லென்ஸ் முழுச் சட்டகத்தில் 450 மி.மீ. தரும் குறுகிய காட்சியைத் தரும். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று நடுவிலுள்ள மரத்தில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரையை எடுப்பவருக்கு, குறைந்த எடையில், குறைந்த செலவில் பறவை சட்டகத்தை நிறைக்கிறது. லென்ஸின் உருப்பெருக்கம் கூடுவதில்லை. சின்னப் பரப்பில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதன் பலன் இது. பறவை, விலங்குப் படங்களில் நாட்டமுள்ளவர்கள் ஏபிஎஸ்-சியிலேயே நிலைத்து, மிச்சப்படும் பணத்தை நீண்ட லென்ஸுக்கு ஒதுக்குவது அறிவார்ந்த முடிவு.

கேமரா உடலில் இன்று இரண்டு குடும்பங்கள். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி ஒன்று லென்ஸ் காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும். படமெடுக்கும்போது மேலே விலகும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. சென்சார் பார்ப்பதையே சிறு திரை காட்டுகிறது. கேனனும் நிக்கானும் 2018இல் முழுச் சட்டக மிரர்லெஸ் பக்கம் திரும்பிய பிறகு புதிய லென்ஸ்கள் அந்தப் பக்கமே வருகின்றன. அதனாலேயே பழைய டிஎஸ்எல்ஆர் உடல்களும் லென்ஸ்களும் இரண்டாம் கைச் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. லென்ஸை உடலோடு இணைக்கும் மவுன்டுகளில், நிக்கானின் எஃப் மவுன்ட் 1959இலிருந்தும் கேனனின் இஎஃப் மவுன்ட் 1987இலிருந்தும் வருபவை. அவற்றுக்கான லென்ஸ் குவியல் பெரிது. மிரர்லெஸில் மவுன்டுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் குறைவு. நிக்கான் எஃப்பில் 46.5 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ. அந்த இடைவெளியை அடாப்டர் வளையம் நிரப்பிவிடுவதால் பழைய லென்ஸைப் புதிய உடலில் மாட்டலாம். புதியதைப் பழையதில் மாட்ட முடியாது. உடல் சில ஆண்டுகளில் மாறும், லென்ஸ் பல உடல்களைக் காணும். ஆகவே முதல் கேமரா வாங்குபவர் தேர்ந்தெடுப்பது ஒரு மவுன்டை.

இரண்டாம் கை லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. லென்ஸைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிலந்திவலை போன்ற இழைகள் தெரியும். சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அலமாரிக்குள் பூட்டிவைத்த லென்ஸை அது எளிதில் பிடிக்கும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். தோல் பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் நீண்டநாள் வைக்க அது ஆகாது. காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், 40 முதல் 50 சதவீத ஈரப்பதம், அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்துவது: இவை போதும்.

இனி கோப்பு. சென்சார் எண்ணியதை ஊகம் எதுவும் சேர்க்காமல் அப்படியே வைப்பது ரா கோப்பு. அது இன்னும் படமல்ல. பேயர் கட்டங்களின் எண்கள். பெரும்பாலான கேமராக்கள் ஒவ்வொரு பிக்சலையும் 12 அல்லது 14 பிட்டில் எழுதுகின்றன. 14 பிட் என்றால் 16,384 படிகள். இந்தப் படிகள் சமமாகப் பரவியிருப்பதில்லை. சென்சார் நேர்விகிதத்தில் எண்ணுவதால், ஒளி பாதியாகும் ஒவ்வொரு முறையும் எண்ணும் பாதியாகும். ஒளி இப்படிப் பாதியாகும் ஒவ்வோர் இறக்கத்தையும் படக்காரர்கள் ஸ்டாப் என்பார்கள். மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப் மட்டும் 8,192 படிகளை எடுத்துக்கொள்கிறது, அடுத்தது 4,096, அதற்கடுத்தது 2,048, பத்தாவது ஸ்டாப்பின் இருட்டுக்கு மிஞ்சுவது 16 படிகள். இருட்டில் ஃபோட்டான்களும் குறைவு, படிகளும் குறைவு. ரா எடுப்பவர்கள், வெளிச்சம் பிதுங்கி வெளுத்துவிடாத எல்லை வரை ஒளியை அதிகம் விட்டு, பிறகு கணினியில் குறைத்துக்கொள்வது இதனால்தான். எல்லையைத் தாண்டினால் மீட்பு இல்லை. நிரம்பி வழிந்த பாத்திரத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

விளக்கின் நிறத்தை ஈடுகட்டும் வெள்ளைச் சமநிலை ரா கோப்பில் ஓரமாக எழுதிவைத்த குறிப்பு மட்டுமே. கல்யாண மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் பட்டுப்புடவை தவறான நிறத்தில் வந்திருந்தால், அந்தக் குறிப்பை மாற்றினால் போதும்; எண்களைத் தொட வேண்டியதில்லை.

ஜேபெக் வேறு வழியில் போகிறது. 1992இல் தரப்படுத்தப்பட்ட இந்த வடிவத்தின் இதயம் 1974இல் வெளியான ஒரு கணித முறை. பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் நடராஜன், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் அமெரிக்காவில் பணியாற்றியபோது எழுதிய கட்டுரை அது. முறையின் பெயர் டிஸ்கிரீட் கொசைன் உருமாற்றம். இன்று உலகில் அன்றாடம் கைமாறும் படங்களில் பெரும்பகுதி இவர்களின் கணக்கு வழியாகவே போகிறது. அது தமிழ்ப் பாடப்புத்தகங்களில் இடம்பெறத் தக்க செய்தி.

கேமரா முதலில் நிற ஊகத்தை முடித்து, வெள்ளைச் சமநிலையை நிரந்தரமாக்கி, 14 பிட் எண்களை ஒரு வளைகோட்டின் வழியே 8 பிட்டுக்குச் சுருக்குகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே மிஞ்சும். பிறகு வெளிச்சமும் நிறமும் பிரிக்கப்படுகின்றன. கண்ணுக்கு நிறத்தின் நுணுக்கம் அவ்வளவாகப் பிடிபடாது என்பதால், நிறத் தகவல் பெரும்பாலும் குறைந்த பிக்சல்களில் வைக்கப்படுகிறது. அடுத்து படம் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் கொசைன் உருமாற்றத்தால் 64 அலைகளின் கலவையாக எழுதப்படுகிறது. வானம் போன்ற மெல்ல மாறும் பரப்புக்கு மெதுவான அலைகள் சிலவே போதும். இலை, தலைமுடி போன்றவற்றுக்கு வேகமான அலைகளும் வேண்டும். ஒவ்வோர் அலையின் அளவையும் ஓர் அட்டவணை எண்ணால் வகுத்து முழு எண்ணாக்கும் இடத்தில்தான் இழப்பு நிகழ்கிறது. வேகமான அலைகளில் பல சுழியமாகிவிடும். சுழியங்களின் நீண்ட வரிசையை மிகச் சுருக்கமாக எழுதலாம். 24 மெகாபிக்சல் படத்தை ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் வைத்துச் சுருக்காமல் எழுதினால் 72 மெகாபைட் ஆகும். நல்ல தரமுள்ள ஜேபெக் பெரும்பாலும் 10 மெகாபைட்டைச் சுற்றி முடிந்துவிடுகிறது, கண்ணுக்கு வேறுபாடு தெரிவதுமில்லை.

அந்த ஜேபெக்கைத் திருத்தத் தொடங்கும்போதுதான் குறை வெளிப்படும். உச்சி வெயிலில் திறந்த பிராகாரத்தையும் அதை ஒட்டிய மண்டபத்தின் இருட்டையும் ஒரே சட்டகத்தில் பிடித்ததாக வைத்துக்கொள்ளலாம். ரா கோப்பில் வானத்தை அடக்கி நிழலை மூன்று ஸ்டாப் தூக்கினால் தூணின் சிற்ப வரிகள் வெளிவரும். ஜேபெக்கில் அதே நிழலைத் தூக்கினால் 8 பிக்சல் கட்டங்களின் ஓரங்களும் நிறத்திட்டுகளும் எழும்பும். வானத்தில் படிப்படியாகப் பட்டைகள் தெரியும். திருத்தித் திருத்தி மறுபடி ஜேபெக்காகவே சேமித்தால் இழப்பு ஒவ்வொரு முறையும் கூடும்.

அதற்காக ஜேபெக்கைத் தாழ்த்திப் பேசுவது நியாயமல்ல. வெளிச்சம் சீராக இருக்கும் இடத்தில், உடனே பகிர வேண்டிய குடும்ப விழாவில், நூற்றுக்கணக்கான படங்களைக் கணினி முன் உட்கார்ந்து திருத்த நேரமில்லாதவருக்கு அதுவே சரியான வடிவம். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015இல், ரா கோப்பிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம் என்று தன் ஃப்ரீலான்ஸ் படக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. வேகமும் நம்பகமும் காரணங்கள். மனம் துணியாதவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பதியும் வசதி எல்லா நடுத்தரக் கேமராக்களிலும் உண்டு. பழகும் காலத்தில் அதுவே நல்லது: இன்று பகிர ஜேபெக், திருத்தக் கற்றுக்கொண்ட பிறகு திறக்க ரா.

ரா எடுப்பவர்கள் அறிய வேண்டிய ஒரு நுணுக்கம்: கேமராவின் பின்திரையில் தெரியும் படமும், ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும் உள்ளுக்குள் தயாராகும் ஜேபெக்கிலிருந்து வருபவை. வெளிச்சம் வெளுத்துவிட்டது என்று திரை எச்சரித்தாலும் ரா கோப்பில் இன்னும் சிறிது மிச்சமிருக்கலாம். மெனுவில் சுருக்காத ரா, இழப்பின்றிச் சுருக்கிய ரா என்று இரண்டு இருந்தால் இரண்டாவதைத் தயங்காமல் எடுக்கலாம். எண்கள் ஒன்றே, இடம் மட்டும் குறைவு.

மற்ற வடிவங்கள் இந்த இரண்டைச் சுற்றியே வருபவை. திருத்தி முடித்ததை அச்சகத்துக்கு அனுப்ப 16 பிட் டிஃப் நல்லது. 24 மெகாபிக்சலுக்கு 144 மெகாபைட் பிடிக்கும் என்பதால் கேமராவுக்குள் அதற்கு வேலையில்லை. ஆப்பிள் செல்பேசிகள் 2017இலிருந்து பயன்படுத்தும் ஹீஃப் வடிவம், ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பில் ஒத்த தரத்தைத் தருகிறது. 10 பிட்டும் தாங்கும். ஆனால் எல்லாக் கணினிகளும் அதைத் திறப்பதில்லை. கோப்பு காட்டக்கூடிய நிறங்களின் வரம்பான நிறவெளியைப் பொறுத்தவரை, 1996இல் வகுக்கப்பட்ட எஸ்ஆர்ஜிபியே பகிர்வதற்குப் பாதுகாப்பானது. அகலமான அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படம், அதைப் புரிந்துகொள்ளாத திரையில் சாயம்போனதுபோலத் தெரியும்.

ரா கோப்புகளுக்குப் பொது வடிவம் இல்லை. கேனனுக்கு சிஆர்3, நிக்கானுக்கு என்இஎஃப், சோனிக்கு ஏஆர்டபிள்யூ என்று பெரும்பாலான நிறுவனங்கள் தத்தம் வழியில் எழுதுகின்றன. 2004இல் அடோபி வெளியிட்ட டிஎன்ஜி, வெளிப்படையாக விளக்கப்பட்ட வடிவம் என்பதால், நெடுநாள் பாதுகாக்க நினைப்பவர்கள் சிலர் அதற்கு மாற்றி வைக்கிறார்கள். புதிதாக வாங்கிய கேமராவின் ரா கோப்பைப் பழைய மென்பொருள் திறக்க மறுத்தால், டிஎன்ஜியாக மாற்றுவது செலவில்லாத வழியும்கூட.

மெமரி கார்டில் கவனிக்க வேண்டியது எழுதும் வேகம். வி30 என்ற குறி நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்ற உறுதி. தனித்தனியாகப் படமெடுப்பவருக்கு அது தாராளம். பறக்கும் பறவையை நொடிக்கு 10 சட்டகமாக, ஒவ்வொன்றும் 30 மெகாபைட் ராவாக எடுப்பவருக்கு நொடிக்கு 300 மெகாபைட் வருகிறது. சாதாரண யுஎச்எஸ்-1 கார்டின் உச்சமே 104. மிச்சம் கேமராவின் இடைநினைவில் தேங்கி, சில நொடிகளில் ஷட்டர் நின்றுவிடும். பறவை அதற்காகக் காத்திராது.

ஆயிரம் ரா கோப்புகள் 30 கிகாபைட். ஒரு மாதத்து விடுமுறை நாட்களில் இது எளிதாகச் சேரும். கணினியின் வட்டில் ஒன்று, வெளியே தனி வட்டில் ஒன்று, வேறு வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ ஒன்று என மூன்று பிரதிகள் வைப்பது படக்காரர்களிடையே நிலைத்த வழக்கம். திருத்தங்களைத் தனிச் சிறு கோப்பாகவோ பட்டியலாகவோ மென்பொருள் எழுதிவைப்பதால், அவற்றையும் சேர்த்தே பிரதியெடுக்க வேண்டும். இல்லையெனில் எண்கள் தப்பிக்கும், உழைப்பு போய்விடும். பத்தாண்டுக்கு முன் எடுத்த ரா கோப்பை இன்றைய மென்பொருளில் திறந்தால், நிற ஊகமும் நாய்ஸ் குறைப்பும் முன்னேறியிருப்பதால், அன்று மண்ணாகத் தெரிந்த நிழல் பெரும்பாலும் தெளிவாக வருகிறது. அன்று ஜேபெக் மட்டும் வைத்துக்கொண்டவரிடம் அன்றைய ஊகம் மட்டுமே இருக்கிறது.